புழு வைத்த கால்

புரட்டாசி பிறந்து நாலாம் நாள் சாயந்திரம், செங்கமலத்துக்கு மருமகளின் பையிலிருந்து ஈரல் வாசனை வந்தது.

வந்தது என்றால், அவள் பையை மோந்து பார்த்தாள் என்று அர்த்தம். தானாக வந்து யாரும் அவள் மூக்கில் பையை வைக்கவில்லை. நளினி திருப்பதியிலிருந்து புத்தூர் வந்து, புத்தூரில் கார்வேட்டிநகரம் பஸ் பிடித்து, ஆறரை மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தாள். நுழைந்ததும் பையைக் கொடியில் மாட்டிவிட்டு நேரே குளிக்கப் போய்விட்டாள். வேலைக்குப் போய்வருகிற பெண் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் எதற்குக் குளிக்க ஓடுகிறாள் என்று, கல்யாணமான நாளிலிருந்து எட்டு மாதமாகச் செங்கமலம் யோசித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பை விடை சொல்லிவிட்டது.

எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் புரட்டாசி முழுக்கக் கவுச்சி கிடையாது. மீன் சட்டியைக்கூடத் தேய்த்துக் கவிழ்த்துப் பரணில் ஏற்றிவிடுவார்கள். பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்களுக்குக் கார்த்திகைதான் விரத மாதம். அவர்கள் வீட்டுக் கோழிக் குழம்பு வாசனை காற்றில் வந்தால் எங்கள் ஆட்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். சாத்துவதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுத்துக்கொள்வார்கள் என்பது வேறு விஷயம்.

மறுநாளே செங்கமலம் சந்திரம்மாவைப் பிடித்தாள். சந்திரம்மா எதிர்வீட்டுக்காரி, தெலுங்குக்காரி. சீத்தாப்பழக் காலத்தில் கூடை கட்டிக்கொண்டு திருப்பதி மார்க்கெட்டுக்குப் போய்வருகிறவள். அவள் தமிழும் தெலுங்கும் கலந்து அடிக்கிற பேச்சில் பொய்க்கு இடமிருக்காது, ரகசியத்துக்கும் இடமிருக்காது.

"நானும் சொல்லணும்னுதான் இருந்தன் வதினா. உன் கோடலு நளினி வாரத்துல ரெண்டு நாளு கறிக்கடைல நிக்கிது. ஈரல் வாங்குது. கால் கிலோ, அரை கிலோன்னா போவட்டும். ரெண்டு ரெண்டு கிலோ!"

ரெண்டு கிலோ ஈரலை ஒருத்தி என்ன செய்வாள்? செங்கமலம் அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. பில்லி சூனியம்வரைக்கும் போய்விட்டு வந்தாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. வீட்டில் அப்போது எதைத் தொட்டாலும் பயமாகத்தான் இருந்தது. புருஷன் ஜெகநாதனுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. ஆனி மாதம் புத்தூர் சந்தைக்குப் போய்த் திரும்பியவன் முற்றத்தில் நடக்க நடக்கத் தரையெல்லாம் ரத்தமாக விழுந்தது. செருப்பைக் கழற்றிப் பார்த்தால் அடியில் ஆணி ஏறி, பாதத்துக்குள் முக்கால் அங்குலம் போயிருக்கிறது. மனுஷனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்று ஆரம்பித்த புண் மூன்று மாதத்தில் பெருவிரலுக்குக் கீழே ஒரு கிண்ணம் மாதிரி குழிந்துவிட்டது. சித்தூரில் ஒரு டாக்டர் பார்த்தார். மருந்து மாற்றினார், ஊசி மாற்றினார். சனிக்கிழமை கடைசியாகப் பார்த்துவிட்டு, கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார். வருகிற திங்கள் விட்டு அடுத்த திங்கட்கிழமைக்கு நாளும் குறித்துக் கொடுத்துவிட்டார்.

ஜெகநாதனுக்கு ஒன்றரை ஏக்கர் வேர்க்கடலை, பதினெட்டு தோத்தாபுரி மாமரம், இரண்டு கறவை மாடு. ஒற்றைக் காலோடு கடலைக் காட்டில் என்ன செய்வது? அவன் வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து, காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மகன் தனசேகர் வந்தான். அவனுக்கு ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. வாரம் ஆறு நாளும் தடாவில் ரூம் எடுத்துத் தங்கி, ஏழாம் நாள் வீட்டுக்கு வருவான். மத்தியானம் கேழ்வரகுக் களியும் புளிச்ச கீரைக் கடைசலும். மகனும் மருமகளும் சாப்பிட உட்கார்ந்ததும் செங்கமலம் ஆரம்பித்தாள்.

"நளினி, ஒண்ணு கேப்பன். மறைக்காம சொல்லணும். திருப்பதில நீ கவுச்சி துன்றியா?"

"இல்ல அத்த."

"அப்ப ஈரலு யாருக்கு?"

நளினி புருஷனைப் பார்த்தாள். தனசேகர் களி உருண்டையில் ஏதோ கல் கிடக்கிற மாதிரி தட்டைக் குனிந்து பார்த்தான். அவனுக்குத் தெரியும் என்பது செங்கமலத்துக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

"ஈக்கு, அத்த," என்றாள் நளினி.

"எதுக்கு?"

"ஈக்கு. பச்சயா மினுக்கும் பாருங்க, செத்தது மேல ஒக்காருமே, அந்த ஈ. எங்க லேப்ல அதத்தான் வளக்கறோம்."

லேப் என்றால் ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கிற இடம் என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். நளினி சத்தியவேடு பக்கத்துப் பெண், திருப்பதியில் விலங்கியல் படித்தவள். படிப்புக்கேற்ற வேலை என்று கல்யாணத்தின்போது சொன்னார்கள். யாரும் அதற்குமேல் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இப்போது சொன்னாள். வலைக்கூண்டில் ஈக்களை அடைத்துச் சர்க்கரைத் தண்ணீர் வைப்பார்களாம். ஈரல் துண்டை வைத்தால் அதன் மேல் முட்டையிடுமாம். முட்டையைத் தனியாகப் பிரித்து மருந்துத் தண்ணீரில் மூன்று தடவை கழுவி, கிருமியே இல்லாத சீசாவில் பொரிய விடுவார்களாம். பொரிந்த புழுவைச் சின்னச் சீசாக்களில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்களாம். அங்கே அழுகின புண்ணில் அதை விடுவார்களாம்.

"அழுவனத மட்டும் அது துன்னும். நல்ல சதைய தொடாது. ரெண்டு மூணு நாளு கழிச்சி எடுத்துடுவாங்க. கத்தி வெச்சி சொரண்டறத வுட இது சுத்தமா சொரண்டும் அத்த."

செங்கமலம் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் ஒருத்தனை நாசமாய்ப் போ என்று திட்டினால், கோபம் அடங்கினதும் மறுபடி பேச்சு வந்துவிடும். புழுத்துச் சாவாய் என்று சொல்லிவிட்டால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சு கிடையாது. படுத்த படுக்கையில் ஒருவனுக்குப் புழு வைத்துவிட்டால், அவன் செய்த பாவத்தை ஊரே உட்கார்ந்து கணக்கெடுக்கும். அப்படிப்பட்ட புழுவை வேலை மெனக்கெட்டு வளர்த்து, கழுவி, சீசாவில் அடைத்து, வீட்டு ஆம்பளையின் காலில் விடுவதாம்.

"மாமா காலுக்கு அத வெக்கலாமான்னு எங்க லேப்ல புழு வாங்கற ரூபா டாக்டரம்மாவ கேக்கலாம்னு ரெண்டு மாசமா நெனச்சிக்கினு கீறன்," என்றாள் நளினி. "பயந்துக்கினு சொல்லல."

"இப்ப மட்டும் பயம் பூட்ச்சா?"

"நாளு குறிச்சிட்டாங்களே அத்த."

ஜெகநாதன் கட்டிலிலிருந்து கேட்டான். "அது வெச்சா காலு தங்குமா?"

"எல்லாருக்கும் தங்கும்னு சொல்ல மாட்டன் மாமா. புண்ணு எலும்புல ஏறாம இருந்தா தங்கும். நெறைய பேருக்குத் தங்கிக்கீது."

"ந்தா, தனசேகர் நைனா, நீ ஒண்ணும் பேசாத," என்று செங்கமலம் புருஷனை அடக்கினாள். "இவ எட்டு மாசமா நம்மகிட்ட மறைச்சிருக்கா. இதுல இன்னும் இன்னா இன்னா மறைச்சி கீதோ! கம்பெனிக்காரன் யாரு மேலயாவது வெச்சிப் பாக்கணும்னு சொல்லியிருப்பான். நம்ம ஊட்டுல ஒரு கெழவன் கீறான்னு இவ சொல்லியிருப்பா."

நளினியின் கண் கலங்கிவிட்டது. தனசேகர் "அம்மா!" என்று சத்தம் போட்டான். ஜெகநாதன் மட்டும் சத்தம் போடவில்லை.

"காலு என்னுது மே," என்றான். "ஒங்க ரெண்டு பேருதும் இல்ல. நாளைக்கு அந்த டாக்டரம்மாவ பாக்கறன்."

ரூபா டாக்டர் திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்கிறவர். படம் எடுத்துப் பார்த்தார். எலும்பில் ஏறவில்லை, ஆனால் ஏற அதிக நாளும் ஆகாது, பார்க்கலாம் என்றார். புதன்கிழமை சுண்டுவிரல் உயரச் சீசா ஒன்று வந்தது. உள்ளே அரிசி நொய் அளவில் வெள்ளையாக என்னவோ நெளிந்தது. அதைப் புண்ணின் குழியில் இறக்கி, மேலே மெல்லிய வலைத்துணி வைத்துச் சுற்றிலும் ஒட்டி, அதன்மேல் பஞ்சுத்துணி கட்டினார்கள். வெள்ளிக்கிழமை பிரிக்கலாம் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஈரம் படக்கூடாது, பிளாஸ்டிக் கவர் சுற்றக்கூடாது, கொசுவர்த்தி கொளுத்தக்கூடாது, மேல்துணி ஊறினால் அதை மட்டும் மாற்ற வேண்டும். நளினி எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னாள். செங்கமலம் இரண்டு தடவையும் தலையாட்டினாள்.

வியாழக்கிழமை ஈக்களுக்குத் தீனி வைக்கிற நாள். நளினி வேலைக்குப் போயே ஆகவேண்டும். காலையிலிருந்தே மழை தூறிக்கொண்டிருந்தது. ஜெகநாதன் களி சாப்பிட்டுவிட்டு, "ஆணி ஏறனதே தெரியாத காலு, இப்ப லேசா குறுகுறுங்குது மே, எறும்பு ஊர்ற மாறி," என்று சொல்லிச் சிரித்துவிட்டுத் தூங்கிப்போனான்.

செங்கமலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து காலையே பார்த்தாள். துணிக்கு மேலே ஒன்றும் அசையவில்லை. அசையாததுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. உள்ளே என்ன நடக்கிறது? அழுகினது தீர்ந்துபோனால் அப்புறம் எதைத் தின்னும்? வயிறு நிறைகிறவரைக்கும் நல்லது கெட்டது பார்க்கிற ஜீவனை அவள் கண்டதில்லை. குணமாகாமல் இந்த மனுஷன் செத்துப்போனால், புழுத்துச் செத்தான் என்றுதானே ஊர் சொல்லும்? தன் வீட்டிலேயே, தன் சம்மதத்தோடு!

அவளுக்குப் புழு புதிதில்லை. ஊரில் யார் வீட்டு மாட்டுக்குக் கொம்பிலோ குளம்பிலோ புழு வைத்தாலும் செங்கமலத்தைத்தான் கூப்பிடுவார்கள். சீத்தா இலையைப் பறித்து அரைத்துச் சாறு பிழிந்து புண்ணில் ஊற்றுவாள். ஒரு நாழிகைக்குள் புழு அத்தனையும் வெளியே வந்து விழும். முப்பது வருஷத்தில் ஒரு மாட்டுக்கும் தப்பியதில்லை. மாட்டுக்குச் செய்கிற நன்மையைக் கட்டின புருஷனுக்குச் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறோமே என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது.

கொல்லைக்குப் பின்னால் கரடு. கரடு முழுக்கச் சீத்தா மரம். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் போனாள். ரெண்டு கை இலை பறித்து வந்தாள். அம்மியில் வைத்து அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்தாள். மேல்துணியை அவிழ்த்து, வலைக்கு மேலேயே சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். மாட்டுக்கு ஊற்றும்போது புழு வெளியே வந்துவிடும். இங்கே வலை இருந்தது. வர முடியவில்லை. வலைக்கு அடியில் நெளிந்தது, சுருண்டது, நின்றுவிட்டது. செங்கமலம் புதுத் துணியை முன்பு இருந்த மாதிரியே கட்டிவிட்டு, பெருமாளே என்று கும்பிட்டாள். அன்று மத்தியானம் ரொம்ப நாளைக்கப்புறம் நன்றாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை ரூபா டாக்டர் கட்டைப் பிரித்ததும் முகம் மாறினார். உள்ளே எல்லாம் காய்ந்த நூல் மாதிரி பழுப்பாகக் கிடந்தது. ஒன்றுகூட உயிரோடு இல்லை.

"இந்தப் பச்சக் கறை?" என்று நளினி கேட்டாள்.

"அது ஒரு கிருமி பண்ற வேல. இந்த மாதிரிப் புண்ணுல வரும். ஆனா அதுக்கு எல்லாமே சாவாது. லேப்ல ஏதோ தப்பு." டாக்டர் அங்கேயே லேபுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

செங்கமலம் சுவரோரமாக நின்றிருந்தாள். யாரும் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் அப்படி.

பஸ்ஸில் நளினி தனக்குத் தானே பேசுகிற மாதிரி பேசிக்கொண்டே வந்தாள். "புதன்கெழம போனது அந்த ஒரே சீசாதான் அத்த. மத்த ஆர்டரு எல்லாம் வேற நாளு. சுஷ்மிதாதான் முட்ட கழுவனா. மருந்துத் தண்ணில கழுவிட்டு நல்ல தண்ணில அலசணும். சரியா அலசலன்னா மருந்து தங்கிடும், பொரிஞ்சாலும் அப்பால செத்துப் பூடும். அன்னிக்கி அவ போன் பேசிக்கினு இருந்தாளா, எனக்கு சரியா ஞாபகம் இல்ல."

"யாரு அந்த சுஷ்மிதா?"

"என்கூட வேல செய்யறா. புத்தலப்பட்டு. தெனம் ஒண்ணாதான் துன்னுவோம். அவ மேல நான் சந்தேகப்படுவன்னு நான் நெனக்கவே இல்ல."

செங்கமலம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை லேப் மேனேஜர் தாமோதரன், நோயாளியைப் பார்த்துக்கொண்டவர் நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அன்றைக்குப் புரட்டாசி ரெண்டாம் சனி. செங்கமலம் விடியலில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, நெற்றியில் நாமம் போட்டு, துளசி சுற்றின சொம்பை எடுத்துக்கொண்டு அஞ்சு வீட்டு வாசலில் "கோவிந்தா, கோவிந்தா" என்று நின்று அரிசி வாங்கி வந்தாள். அந்த அரிசியில் பொங்கிப் பெருமாளுக்குப் படைத்த பிறகுதான் வாயில் ஏதாவது போடுவது வழக்கம். படைப்பதைச் சாயந்திரத்துக்குத் தள்ளிவிட்டு, நாமத்தோடும் பட்டினியோடும் பஸ் ஏறினாள்.

லேப் ரேணிகுண்டா ரோட்டில் ஒரு தகர ஷெட். உள்ளே போகச் செருப்பை விட்டு, வேறு செருப்பு மாட்டி, தலைக்குத் தொப்பி போட்டு, கையை முழங்கைவரைக்கும் கழுவச் சொன்னார்கள். எங்கள் கோயிலில்கூட இவ்வளவு கேட்பதில்லை. முதல் அறையில் வரிசையாக வலைக்கூண்டுகள். அதற்குள் பச்சைப் பச்சையாக ஆயிரக்கணக்கில் ஈ. தட்டில் ஈரல் துண்டு, பக்கத்தில் சர்க்கரை. செங்கமலத்துக்கு அந்த வாசனை உடனே அடையாளம் தெரிந்தது. மருமகள் பொய் சொல்லவில்லை.

அடுத்த அறைக்குக் கண்ணாடித் தடுப்பு. அந்தப் பக்கம் நளினி வாயை மூடிக் கட்டிக்கொண்டு, ஒரு கண்ணாடிக் குழாயை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் ஒரு தட்டு நிறைய இருந்த சீசாக்களை எடுத்து, சிவப்புக் கவரில் கொட்டிக் கட்டிப்போட்டாள்.

வெளியே வந்தவளிடம் செங்கமலம் கேட்டாள். "ஏன் மே கொட்டிட்ட?"

"புழு கூட இருந்த தண்ணில கொஞ்சம் எடுத்து அந்தக் கொழாய்ல வுட்டு ஒரு நாளு வெச்சிப் பாப்போம் அத்த. கிருமி இருந்தா கலங்கும். இது லேசா கலங்கிச்சி."

"எத்தினி புழு?"

"ஆயிரத்துச் சொச்சம்."

"எல்லாத்துலயுமா கிருமி கீது?"

"தெரியாது. ஒண்ணுல இருந்தாகூட, அந்த ஒண்ணு யாரு கால்ல போவும்னு தெரியாதில்ல?" நளினியின் குரல் இறங்கியது. "மாமாவுக்குன்னு எடுத்து வெச்சதும் அதுலதான் இருந்தது. இனிமே நாளைக்குக் காலைல பாக்கற தட்டுதான்."

சந்தேகப்படுவதில் தன்னை மிஞ்ச மண்டலத்தில் ஆளில்லை என்று செங்கமலத்துக்கு உள்ளூர ஒரு நினைப்பு உண்டு. இந்தப் பெண் அவளையும் மிஞ்சிவிட்டாள். முட்டையைச் சந்தேகப்படுகிறாள், தண்ணீரைச் சந்தேகப்படுகிறாள், தன் கையையே மூன்று தடவை சந்தேகப்பட்டுக் கழுவுகிறாள். சொந்த மாமனாருக்கு வைத்ததைக் கூடக் கொட்டிவிடுகிறாள். முகம் தெரியாத யாரோ ஒருத்தரின் காலுக்காக. நாம் சந்தேகப்பட்டது யாருக்காக என்று நினைத்தபோது செங்கமலத்துக்கு வெட்கமாக இருந்தது.

தாமோதரன் அறையில் இருபத்துமூன்று வயசுப் பெண் ஒருத்தி மேஜைக்கு முன்னால் நின்றிருந்தாள். அழுது மூக்கு சிவந்திருந்தது. இதுதான் சுஷ்மிதா என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "நாலு தடவ அலசினேன் சார். சாமி மேல சத்தியமா சார்," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தாமோதரன் செங்கமலத்தை உட்காரச் சொல்லி, ஒரு தாளை எடுத்துப் படித்தார். துணி நனைந்ததா, வீட்டில் பூச்சி மருந்து அடித்தீர்களா, கட்டை யாராவது தொட்டார்களா, புண்ணில் வேறு ஏதாவது போட்டீர்களா.

"போட்டிருந்தா இன்னா ஆவும் சார்?" என்று செங்கமலம் கேட்டாள்.

"ரூல் இருக்கும்மா. வீட்டுல கை வெச்சிருந்தா, அந்தப் பேஷண்ட்டுக்கு மறுபடி தரமாட்டோம். எங்க தப்புன்னா வேற சீசா தரணும், வேல செஞ்சவங்கள நிறுத்தணும். நீங்க ஒண்ணும் போடலன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போட்டா போதும். நாளைக்கே வந்துடும்."

எவ்வளவு சுலபம் பாருங்கள். ஒரு கையெழுத்து. அது போட்டால் நாளைக்குப் புழு வரும், புருஷனுக்குக் கால் தங்கலாம். யாரும் கேட்கப்போவதில்லை. பச்சைக் கறைக்கு டாக்டரம்மாவே கிருமி என்று பேர் வைத்துவிட்டார். போகிறது யாரோ ஒரு புத்தலப்பட்டுப் பெண்ணின் வேலை. உண்மையைச் சொன்னால் புழுவும் இல்லை. நாளை மறுநாள் திங்கட்கிழமை, சித்தூரில் கத்தி. செங்கமலம் பேனாவை வாங்கிக்கொண்டாள். நெற்றி நாமத்தில் வியர்வை இறங்கி மூக்கின் மேல் வந்தது. புறங்கையால் துடைத்தாள். கையில் வெள்ளையும் சிவப்பும் ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்தாள்.

அப்புறம் எழுந்து நின்றாள். தாசில்தார் ஆபீஸிலும் பாங்கியிலும் மட்டும் பேசுகிற தெலுங்கில், சத்தமாகச் சொன்னாள்.

"நேனே சேசினானு சார். ஈ அம்மாயி தப்பேமி லேது."

நான்தான் செய்தேன், இந்தப் பெண்ணின் மேல் தப்பே இல்லை என்று சொல்லிவிட்டு, மிச்சத்தைத் தமிழில் சொன்னாள். "சீத்தா எல அரைச்சி ஊத்தனன். மாட்டுக்கு ஊத்தற மாறி. இன்னிக்கி அஞ்சு வாசல்ல நின்னு கோவிந்தா சொன்ன வாயி சார். இந்த வாயால பொய் சொல்ல மாட்டன்."

சுஷ்மிதா வாய்விட்டு அழுதாள். நளினி அழவில்லை. கதவோரம் நின்றிருந்தவள் மாமியாரின் எதிரில் வந்து நின்றாள்.

"எதுக்கு அத்த? என்மேல சந்தேகம்னா என்ன அடிச்சிருக்கலாமே. மாமா கால எதுக்கு? நான் நேத்து பூரா இவளப் போய் சந்தேகப்பட்டேன். இவள!"

"மாமனுக்குப் புழு வெச்சிட்ச்சின்னு ஊரு பேசும்னு பயந்தன் மே," என்றாள் செங்கமலம். "வேற ஒண்ணியும் இல்ல. என்ன இன்னா வேணா செய்யி. சார், என்ன வேணா எழுதிக்கோங்க. அவருக்கு மட்டும் இல்லன்னு சொல்லாதீங்க."

தாமோதரன் தாளை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டார். ரூல் ரூல்தான் என்றார். அப்புறம், வீட்டுக்குத்தான் தரக்கூடாது, வார்டுக்குத் தரக்கூடாது என்று எழுதவில்லை என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு ரூபா டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டரம்மா அந்தப் பக்கம் போட்ட சத்தம் இந்த அறையில் எல்லாருக்கும் கேட்டது. கடைசியில், நோயாளியை நாளைக்கே சேர்க்க வேண்டும், கூட நளினி மட்டும்தான் இருக்கலாம், அந்த அம்மா வார்டுக்குள்ளே காலெடுத்து வைக்கக்கூடாது என்று முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுத்த தட்டின் குழாய் தெளிவாக இருந்தது. சுஷ்மிதாவே சீசாவைக் கையில் கொண்டுவந்து கொடுத்தாள். செங்கமலம் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். தனசேகர் லீவு போட்டு வந்து, வீட்டுக்குப் போய்ப் படும்மா என்று கெஞ்சினான். அவள் எழுந்திருக்கவில்லை. சந்திரம்மா மாடுகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். எதிரில் டீக்கடை, போகிற வருகிற மொட்டைத் தலைகள், மலைக்குப் போகிற பஸ்கள். திங்கட்கிழமை பத்து மணிக்குச் சித்தூரில் கத்தி வைக்கக் குறித்த நேரம் கடந்துபோனது. அவள் டீக்கடைக் கடிகாரத்தில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நளினி கீழே வந்து இட்லி கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் மேலே போனாள். ஏதாவது திட்டியிருந்தால் செங்கமலத்துக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு நளினி இறங்கி வந்தாள்.

"டாக்டரம்மா உங்கள உள்ள வரச் சொல்றாங்க."

"நான் எதையும் தொட மாட்டன்னு சொல்லு," என்றாள் செங்கமலம். படியேறும்போதே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

வார்டில் ஜெகநாதன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ரூபா டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, இரண்டு விரல் போகும், கால் இருக்கும், இன்னும் ஒரு தடவை வைக்க வேண்டியிருக்கும் என்று நளினியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். செங்கமலத்தின் காதில் எதுவும் விழுந்த மாதிரி தெரியவில்லை. அவள் கட்டில் பக்கம்கூடப் போகவில்லை. மேஜை மேலிருந்த எவர்சில்வர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு வாசலோடு நின்றுவிட்டாள்.

"உசுரோட கீதா மே?" என்று கேட்டாள்.

நளினி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து அவள் முகத்துக்கு நேராகச் சாய்த்துக் காட்டினாள். உப்புத் தண்ணீருக்குள் ஒவ்வொன்றும் வேகவைத்த சோற்றுப் பருக்கை அளவுக்குப் பருத்து, மொழுமொழுவென்று புரண்டுகொண்டிருந்தது.

"கீது அத்த. எல்லாமே கீது."

செங்கமலம் கையை முதுகுக்குப் பின்னாலிருந்து எடுக்காமலேயே அழுதாள். கண்ணீரைத் துடைக்க நளினி தன் துப்பட்டாவைக் கொடுத்தாள். வாங்குவதற்குக் கை வரவில்லை என்று பார்த்து, அவளே துடைத்துவிட்டாள்.

"ஏமே," என்று ஜெகநாதன் கட்டிலிலிருந்து கூப்பிட்டான். "புழுவப் பத்தி கேட்ட. காலு எப்டி கீதுன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டியா?"

அப்போதுதான் அவள் காலைப் பார்த்தாள். குழி முழுக்க நல்ல சிவப்பாக இருந்தது.